மலைச்சரிவில் பிறப்பியல்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியல், எழுத்தொலிகள் உடலில் எவ்வாறு பிறக்கின்றன என்பதைச் சொல்வதற்கென்றே அமைந்தது. நாவையோ இதழையோ முதலில் எடுத்துக்கொள்ளாமல், உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழை ஒட்டிய வயிற்றுப் பகுதியிலிருந்து, எழுகின்ற காற்றையே அது முதலில் பேசுகிறது. அந்தக் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் ஐந்தோடும் பொருந்தி, இந்த எட்டின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. பள்ளியில் இதைப் படித்தவர்களுள் பலருக்கு நினைவில் எஞ்சுவது மனப்பாடம் செய்த பட்டியல் ஒன்றுதான். ஆனால் ஊவா மாகாணத்துத் தேயிலை மலைகளில், பண்டாரவளையைச் சுற்றிப் பூனாகலை, அப்புத்தளை, தெமோதரைப் பக்கமாகச் சரியும் தோட்டங்களில், நிரை பிடித்துக் கொழுந்தெடுப்போர் ஏறிக்கொண்டே பேசுவதையும் ஒரு சரிவிலிருந்து மறுசரிவுக்குக் குரல்கொடுப்பதையும் கவனிப்பவருக்கு, இலக்கணி ஏன் காற்றில் தொடங்கினார் என்பது உரையாசிரியர் துணையில்லாமலே விளங்கிவிடும். அங்கே ஏறுவதற்கும் சுமப்பதற்கும் செலவானது போக மிஞ்சும் மூச்சே பேச்சுக்கு வருகிறது.

பேச்சுக்கென்று மட்டும் படைக்கப்பட்ட உறுப்பு மனித உடலில் ஒன்றுகூட இல்லை என்பது உடலியல் அறிந்தோர் அடிக்கடி எடுத்துக்காட்டும் உண்மை. நுரையீரல் உயிர்க்காற்றுக்கு உரியது, பல்லும் நாவும் உணவுக்கு உரியவை, மூக்கு மணத்துக்கும் மூச்சுக்கும் உரியது. பேச்சு இவற்றிடம் கடன்பட்டே நடக்கிறது, கடன் கொடுத்த தொழில் திருப்பிக் கேட்கும்போது விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. ஓய்வாக இருப்பவர் ஒரு மூச்சுக்குச் செலவிடும் நேரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு உள்ளிழுப்பதற்கும் 60 பங்கு வெளிவிடுவதற்கும் போகிறது. பேசத் தொடங்கியதும் இந்தக் கணக்கு அடியோடு மாறி, உள்ளிழுத்தல் பத்துப் பங்காகச் சுருங்க, எஞ்சிய தொண்ணூறும் வெளிமூச்சுக்குச் சேர்கிறது. ஏனெனில் தமிழின் எல்லா எழுத்தும் வெளியேறும் காற்றில்தான் பிறக்கின்றன. வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத்திரையும், விலா இடைத்தசைகளும், வயிற்றுத் தசைகளும் சேர்ந்து அந்தக் காற்றை ஒரே சீரான அழுத்தத்தில் மெல்ல மெல்ல விடுவிக்கின்றன. உரக்கக் கூப்பிடுபவர் கொப்பூழின்மேல் கையை வைத்துப் பார்த்தால் வயிறு உள்ளே இறுகுவதை உணர்வார் என்பதால், உந்தியிலிருந்து காற்று எழுகிறது என்ற பழைய கூற்றை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நுரையீரலின் இருப்பிடம் வேறானாலும், உந்துதல் உணரப்படும் இடத்தை அது சரியாகவே சொல்கிறது.

செங்குத்தான மலையில் ஏறுபவருக்கு அந்தத் தொண்ணூறு பங்கு கிடைப்பதில்லை. உடல் உயிர்க்காற்றை அதிகமாகக் கேட்க, மூச்சு விரைவுபட, ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டிய வாக்கியம் இரண்டு சொல்லாகவும் மூன்று சொல்லாகவும் அறுந்து வருகிறது. தோட்டத்துப் பேச்சு சுருக்கமானது, வெட்டிப் பேசும் இயல்புடையது என்று சொல்வோர், அந்தப் பேச்சை மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் வேளையிலோ, மாலையில் லயம் எனப்படும் வரிசைவீட்டு வாசலிலோ கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே அதே நாக்கு கதையை நீட்டி, கிளைக்கதை சேர்த்து, முடிவுக்கு வர மனமில்லாமல் பேசும்.

குரல்வளையின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மூச்சுக்குழாயின் உச்சியில், குருத்தெலும்பால் ஆன ஒரு கூட்டுக்குள், முன்னிருந்து பின்னாக நீண்டு கிடக்கும் இரண்டு தசைமடிப்புகளே குரல் நாண்கள். வளர்ந்த ஆணுக்கு இவற்றின் நீளம் ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீற்றர், பெண்ணுக்கு அதனினும் குறைவு. நாண் என்ற பெயர் வீணைத் தந்தியை நினைவூட்டினாலும் இவை எவராலும் மீட்டப்படுவதில்லை. மூளையிலிருந்து வரும் நரம்புத் துடிப்பு ஒவ்வொன்றும் நாணை ஒருமுறை அசைக்கிறது என்று 1950இல் பிரான்சைச் சேர்ந்த ரவூல் ஹூசோன் ஒரு கொள்கையை முன்வைத்தார்; அது நிலைக்கவில்லை. 1958இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் பெர்க் விளக்கியபடி, மூடிய நாண்களைக் கீழிருந்து வரும் காற்றழுத்தம் பிளந்து திறக்கிறது, திறந்த இடுக்கில் காற்று விரைந்தோடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது, தசையின் மீள்விசையும் அந்த அழுத்தக் குறைவும் சேர்ந்து நாண்களை மீண்டும் மூடுகின்றன. ஆணின் இயல்பான பேச்சில் இது வினாடிக்கு ஏறத்தாழ 120 தடவையும் பெண்ணின் பேச்சில் ஏறத்தாழ 200 தடவையும் நிகழ்கிறது. நரம்பு செய்வது நாண்களை நெருக்கி, வேண்டிய அளவுக்கு இறுக்கி வைப்பதை மட்டுமே. அதிர வைப்பது காற்று. பன்னிரண்டு உயிரெழுத்தும் மிடற்றில் பிறக்கும் காற்றால் ஒலிக்கின்றன என்று தொல்காப்பியம் சொல்வதற்கும் இதற்கும் இடையிலுள்ள தூரம் பெரிதன்று.

ஆனால் இந்த நாண்களின் முதல் தொழில் ஒலி எழுப்புவதன்று. விழுங்கும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் விழாமல் வாயிலை அடைப்பதும், பாரம் தூக்கும்போது நெஞ்சுக்குள் காற்றைப் பூட்டிவைப்பதும் அவற்றுக்கு முன்பே உரிய வேலைகள். கனமான ஒன்றைத் தூக்குபவர் தம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வது, நாண்களை இறுக மூடி உடற்பகுதியைக் காற்றால் விறைப்பாக்கி, முதுகுக்கும் தோளுக்கும் ஊன்றுதல் தேடிக்கொள்ளும் செயலாகும். நிறைந்த கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, முன்னே குனிந்து, முதுகில் ஏற்றி நிமிர்கின்ற அந்த ஒரு கணத்தைப் பார்த்தவர் அறிவார்: நடந்துகொண்டிருந்த பேச்சு சொல்லின் நடுவிலேயே நிற்கும், கூடை முதுகில் அமர்ந்ததும் அடைபட்ட காற்று ஓர் உறுமலாகவோ பெருமூச்சாகவோ வெளிப்படும், அதன்பிறகே எஞ்சிய பாதிச் சொல் வரும். சுமையைத் தாங்கும் கதவும் சொல்லைப் பிறப்பிக்கும் கதவும் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே கணத்தில் செய்ய எவராலும் ஆகாது. உடலுழைப்போர் பேச்சைப் பற்றி எழுதப்படும் இலக்கிய வருணனைகள் பலவற்றில் இந்த இடைவெளி இடம்பெறுவதில்லை. பாத்திரங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டே வசனம் பேசுகிறார்கள்.

மலையின் உயரமே பேச்சொலியை மாற்றிவிடும் என்று எண்ணுவதற்கும் இடமுண்டு, அப்படி எண்ணியவர்களும் உண்டு. 2013இல் கேலெப் எவரெட் என்னும் மொழியியலாளர், 1500 மீற்றருக்கு மேற்பட்ட உயர்நிலங்களையும் அவற்றின் அயலையும் சேர்ந்த மொழிகளில் ஒருவகை வெடிப்பொலி மிகுதியாகக் காணப்படுகிறது என்றும், காற்றழுத்தம் குறைந்த இடத்தில் அந்த ஒலியை எழுப்புவது எளிது என்பது காரணமாகலாம் என்றும் எழுதினார். குரல்வளையை மூடி, அதையே மேலே உயர்த்தி, வாய்க்குள் சிறைப்பட்ட காற்றை நெருக்கிச் சட்டென்று விடும்போது பிறக்கும் அந்த ஒலி ஆந்திஸ் மலையின் மொழிகள் சிலவற்றிலும், கோக்கேசியத்தின் ஜோர்ஜிய மொழியிலும், எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கிலும் உண்டு. எவரெட் சொன்ன காரணத்தை மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. பண்டாரவளை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1225 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்குக்கு அண்மையாகக் குறைவு. ஆயினும் அங்கே பேசப்படும் தமிழிலோ சிங்களத்திலோ அத்தகைய வெடிப்பொலி எதுவுமில்லை. ஒலியின் வேகமும் அழுத்தத்தைப் பொறுத்ததன்று, வெப்பநிலையைப் பொறுத்தது. நிலம் தன் சாயலில் மொழியை வார்க்கிறது என்ற அழகான நம்பிக்கைக்கு, குறைந்தபட்சம் இந்த மலையில், ஆதாரமில்லை என்றே கொள்ள வேண்டும். இங்கே ஒலியை மாற்றுவது தூரம்.

அடுத்த சரிவில் நிற்பவரைக் கூப்பிடும்போது உடல் பல மாற்றங்களை ஒருங்கே செய்கிறது. நுரையீரலின் அழுத்தம் கூட, நாண்கள் இறுகிச் சுருதி உயர்கிறது. தாடை தாழ்ந்து வாய் அகல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக உயிரொலிகள் நீள்கின்றன. மெய்யொலிகளுட் பல, குறிப்பாகச் சகரம் போன்றவை, மிக உயர்ந்த அதிர்வெண்களில் மிகக் குறைந்த ஆற்றலோடு பிறப்பவை; அவற்றைக் காற்றும் செடியும் விரைவில் உறிஞ்சிவிடும். ஆகாரமும் ஓகாரமும் ஏகாரமும் தாழ்ந்த அதிர்வெண்களில் மிகுந்த ஆற்றலோடு எழுவதால் பள்ளத்தாக்கைத் தாண்டுகின்றன. எனவே தொலைவிலிருந்து கேட்பவருக்கு மாரியாயி என்ற பெயரும் ராமாயி என்ற பெயரும் ஏறத்தாழ ஒரே நீண்ட ஆகார ஈகாரமாகவே வந்துசேர, யாருடைய குரல், எந்த மலையிலிருந்து, எந்த வேளையில் என்பவற்றைக் கொண்டு அவர் மெய்களைத் தாமே நிரப்பிக்கொள்கிறார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விளிமரபு, பெயர்கள் விளிக்கப்படும்போது தமக்குரிய மாத்திரை அளவைக் கடந்து ஒலிக்கும் என்று கூறி, சேய்மையில் உள்ளாரை அழைக்கும் வழக்கமே அதற்குக் காரணம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இலக்கண விதிக்குத் தூரத்தைக் காரணமாகக் காட்டும் அந்த நூற்பாவின் அருமை, தேயிலை மலையில் நின்று படித்தால் இரட்டிப்பாகும்.

அந்தக் குரல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை வேளையும் பருவமும் தீர்மானிக்கின்றன. விடியற்காலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கி, அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று படர்ந்திருக்கும்போது, மேலே போகும் ஒலி வளைந்து மீண்டும் தரைக்கே திரும்புவதால் கீழ் லயத்தில் பேசுவது மேல் லயத்தில் தெளிவாகக் கேட்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் ஒலி வானத்தை நோக்கி வளைந்துவிட, அதே குரல் பாதித் தூரத்திலேயே தொலைந்துபோகும். முற்காலத்தில் ஆட்களைப் பெரட்டு எனப்படும் காலை ஆட்கணக்கெடுப்புக்கு எழுப்பிய தப்புப் பறையும் இந்த விடியற்காலைக் காற்றையே நம்பியிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாக ஊவாவில் இறங்கும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், ஊவாத் தேயிலைக்குப் பெயர் பெற்றுத்தந்த வாசம் கொழுந்தில் கூடுகிறது. அதே காற்றில், காற்றை எதிர்த்துக் கூப்பிடுபவரின் குரல் மேல்நோக்கி மடிந்து வீணாகிறது, காற்றோடு கூப்பிடுபவரின் குரல் எதிர்பாராத தொலைவுக்குப் போய்ச் சேர்கிறது.

கூவும் குரலை விட்டு அருகில் பேசும் பேச்சுக்கு வந்தால், தோட்டத்தில் நாள்தோறும் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்றான கொழுந்து என்பதையே உடல் எப்படி ஒலிக்கிறது என்று பார்க்கலாம். முதலில் அடிநா மேலெழுந்து பின்னண்ணத்தை அடைக்க, குரல் நாண்கள் அதிராமல் விலகியிருக்கின்றன. அடைப்புத் திறக்கும் முன்பே இதழ்கள் ஒகரத்துக்காகக் குவிந்துவிடுகின்றன, ஏனெனில் உடல் எழுத்துகளை வரிசையாகச் செய்வதில்லை, வரப்போவதற்கான ஆயத்தத்தை வந்துகொண்டிருப்பதோடு சேர்த்தே செய்கிறது. நாண்கள் அதிரத் தொடங்கி ஒகரம் ஒலித்ததும், நுனிநா பின்னோக்கி மடிந்து அண்ணத்தை நெருங்குகிறது. தொடாமல் நின்றால் ழகரம், தொட்டுவிட்டு இருபக்கமும் காற்றுக்கு வழிவிட்டால் ளகரம். பிறகு குவிந்த இதழோடு ஒரு முழு உகரம். அடுத்து நா முன்னே வந்து மேற்பல்லின் அடியில் பரந்து ஒட்டிக்கொள்ள, அண்ணத்தின் பின்பகுதியாகிய மெல்லண்ணம் தாழ்ந்து காற்றுக்கு மூக்கின் வழியைத் திறக்கிறது, அது நகரம். நா இம்மியும் நகராமல் இருக்க, மெல்லண்ணம் மட்டும் உயர்ந்து மூக்கின் வழியை அடைத்ததும் அதே இடத்தில் தகரம் பிறக்கிறது. மெல்லெழுத்துகள் வாயில் தத்தம் இடங்களில் பிறந்தாலும் மூக்கின் காற்றால் இசைபெறுகின்றன என்று தொல்காப்பியம் தனியே எடுத்துரைப்பது இதைத்தான். இறுதியில் வரும் உகரம் அரை மாத்திரையாகக் குறுகிய குற்றியலுகரம்; அதற்கு இதழ் குவிவதில்லை. இவ்வளவும் ஒரு வினாடியில் பாதிக்குள் முடிந்துவிடும்.

இந்த வேலைகளைச் செய்யும் நாவுக்குள் எலும்பு இல்லை. யானையின் தும்பிக்கையைப் போலவே கனஅளவு மாறாத தசைத்திரளாக இருப்பதால், ஓரிடத்தில் ஒடுங்கினால் மற்றோரிடத்தில் நீண்டோ தடித்தோதான் தீரும். லகர ளகரங்களுக்கு நாவின் விளிம்பு வீங்கும் என்று பிறப்பியல் சொல்லும்போது இந்த இயல்பு இலக்கணியின் பார்வைக்குத் தப்பவில்லை என்று தெரிகிறது. மனிதக் குரல்வளை கழுத்தில் தாழ்ந்து அமைந்ததே பேச்சைச் சாத்தியமாக்கியது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2016இல் ஃபிட்ச் என்னும் ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தோரும் குரங்கின் வாயையும் தொண்டையையும் ஊடுகதிர்ப் படமெடுத்து, அந்த உறுப்புகளே வேறுபட்ட உயிரொலிகள் பலவற்றுக்குப் போதுமானவை என்று காட்டினர். தோட்டத்து மரங்களில் தாவும் குரங்குகளுக்கும் வாயில் குறையொன்றுமில்லை. அதை நொடிக்கு நொடி ஆளும் மூளை அமைப்புத்தான் இல்லை.

அண்ணத்தைத் தொடாமல் நாவை நிறுத்த வேண்டும் என்பதே ழகரத்தின் கடினம். ஒன்றைத் தொடுவது எளிது. தொடுமளவுக்கு நெருங்கித் தொடாமல் நிற்பதற்கு நுண்ணிய கட்டுப்பாடு வேண்டும், குழந்தைகளுக்கு இது காலந்தாழ்த்தியே கைவரும். மலையகப் பேச்சில் கொழுந்து என்பது கொளுந்து என்றே பரவலாகக் கேட்கும், பழம் பளம் ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்பு தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துவரப்பட்ட மக்களுட் பலர், ழகரமும் ளகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்ட வட்டாரங்களைச் சேர்ந்தவர்கள்; யாழ்ப்பாணப் பேச்சிலும் இவ்விரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அப்படியிருக்க, தோட்டப் பிள்ளைக்கு மட்டும் நாக்கு புரளாது என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ஒலியியலைக் கொண்டு விடை காணக்கூடிய கேள்வியன்று. ளகரம் சொல்பவர் நாவைப் பின்னோக்கி மடிக்காமல் விட்டுவிடுவதில்லை. மடித்து, மேலும் ஒரு தொடுதலையும் சேர்த்தே செய்கிறார். அதைச் சோம்பல் என்பது உடலை அறியாத தீர்ப்பு.

றகரத்தில் நிலைமை வேறு. பிறப்பியல் றகரத்துக்கும் னகரத்துக்கும் நுனிநா நிமிர்ந்து அண்ணத்தை ஒற்றுவதைச் சொல்கிறது. அதாவது பல்லடிக்குரிய தகரத்துக்கும் நாமடிக்கும் டகரத்துக்கும் இடையில் மூன்றாவதோர் இடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் காற்று என்ற சொல்லைக் கேட்டால் அந்த மூன்றாம் இடம் இன்றும் உயிரோடிருப்பது தெரியும். மலையகப் பேச்சில் அது காத்து என்று பல்லடிக்கு இறங்கிவிட்டது. இலங்கை அச்சுத்தமிழில் மீற்றர், பற்றரி என்று எழுதுவதும் தமிழ்நாட்டில் மீட்டர், பேட்டரி என்று எழுதுவதும் இந்த வேறுபாட்டின் விளைவே: ஆங்கில ஒலியை நுனிநாவின் நடு இடத்தில் கேட்ட காது றகரத்தைத் தேர்ந்தது, அந்த இடமில்லாத காது டகரத்தைத் தேர்ந்தது. பண்டாரவளையில் படிக்கும் பிள்ளை ஒருவகையாகப் பேசி மற்றொருவகையாக எழுதப் பழகுகிறது.

அதே பிள்ளை சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் போனால் சிங்களம் வேறு சில நேரக்கணக்குகளைக் கேட்கிறது. சிங்களத்தில் மலையைக் குறிக்கும் சொல்லையும் அடிமரத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் கந்த என்றே அமையும். ஆனால் முன்னதில் மூக்கின் வழி நெடுநேரம் திறந்திருக்க, பின்னதில் மெல்லண்ணம் கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிவிடுகிறது. அரை மூக்கொலி எனத்தக்க இந்த ஒலிக்கு நாவின் இடம் மாறுவதேயில்லை, மூக்குக்கு விடப்படும் நேரம் மட்டுமே மாறுகிறது. ஊரின் பெயரிலும் இப்படியொன்று உண்டு. சிங்களத்தில் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் முதலொலி, இதழ்கள் மூடியிருக்கும்போதே குரல் நாண்கள் அதிரத் தொடங்கும் ஒலி. தமிழெழுத்தை மட்டும் நம்பிப் படிப்பவர் இதழ் பிரிந்த பின்பே அவற்றை அதிரச் செய்வார். இரண்டுக்கும் இடையில் ஒரு வினாடியின் நூறில் சில பங்கே உள்ளது. அந்தச் சில பங்கைக் கொண்டே கடைக்காரர் ஒருவர் வந்தவரின் தாய்மொழியை ஊகித்துவிடுகிறார். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இரண்டு கணக்கையும் பள்ளிக்கூடத்தின் உதவியின்றிக் கைவரச் செய்திருக்கிறார்கள் என்பதை அவர்களைத் திருத்த முனைவோர் கவனிப்பதில்லை.

பிறப்பியலின் இறுதியில் தொல்காப்பியர், உடலின் அகத்தே எழுந்து நிற்கும் காற்றின் இசையை ஆராய்வது வேறு மரபினருக்கு உரியது என்று ஒதுக்கி, புறத்தே வெளிப்பட்டுக் காதுக்குக் கேட்கும் ஒலியின் அளவையே தாம் கூறியதாக எல்லை வகுத்துக்கொள்கிறார். பார்த்தும் கேட்டும் தொட்டும் அறியக்கூடியதை மட்டும் பேசுவது என்ற அந்த முடிவினால்தான், கருவி எதுவுமின்றி எழுதப்பட்ட அவ்வியல் இன்றும் படிக்கத்தக்கதாக இருக்கிறது. ஊவாவின் தோட்டப் பள்ளிகளில் இவ்வியலை நடத்தும் தமிழாசிரியர்கள் நூற்பாவை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன், மாணவர்கள் ஒரு கையைத் தொண்டையிலும் மறு கையை மூக்கிலும் வைத்துக் கொழுந்து என்று சொல்லிப் பார்க்கச் செய்ய வேண்டும். கொளுந்து என்று வந்தால் சிரிக்காமல், நாவின் நுனி எங்கே தொட்டது என்று கேட்க வேண்டும்.